உமாயிமே விதைய காயவச்சு போட்டேன், ஒண்ணுமே வரல

9 ஆகஸ்ட் 2020, கேள்வி, டோங்காட்லேந்து (தென்னாப்பிரிக்கா, டர்பன் பக்கம்)
உமாயிமேன்னா கிளைவியாதான், நெழல்ல ஆரஞ்சா பூக்கற செடி. அதோட பழம் நல்லா செவந்ததும் ஜூன்ல பறிச்சேன். கொட்டைய எடுத்து சாம்பல்ல புரட்டி ரெண்டு வாரம் வெயில்ல காயவச்சு, அப்பறம் ஒரு இஞ்ச் ஆழத்துல மண்ணுக்குள்ள போட்டேன். பாவக்கா விதைய எங்கம்மா இப்படித்தான் பண்ணுவாங்க, ஒண்ணு தப்பாம வரும். இதுல 22 போட்டு ஒண்ணுகூட வரல. எனக்கு தெரிஞ்சு இந்தச் செடில பாதி விதை மலடு. விதைல வராது, பக்கக்கன்னு பிரிச்சு நட்டாதான் உண்டு. சரியா?

9 ஆகஸ்ட் 2020, ராத்திரி
மலடு இல்ல. நீங்கதான் கொன்னுட்டீங்க.

கோவப்படாதீங்க, நானும் கொன்னிருக்கேன். எங்க ஆயா வீட்ல, டர்பன் சாட்ஸ்வர்த்துல, பின்பக்க சுவத்தோரமா வெயிலே படாத எடத்துல இந்தச் செடி முப்பது நாப்பது குத்து இருந்துது, யார் வச்சாங்கன்னு ஆயாவுக்கே தெரியாது. பழத்த நான் பறிச்சு, விதைய ஒரு பிஸ்கட் டின்ல போட்டு, வசந்தம் வரட்டும்னு பத்திரமா மூடி வச்சேன். செப்டம்பர்ல தொறந்தா பட்டாணி சுண்டல மறந்து போன மாதிரி சுருங்கி கல்லா கெடக்குது. அதையும் விடாம நட்டு மூணு மாசம் தண்ணி ஊத்துனேன், ஆயா பாத்து சிரிச்சுகிட்டே இருந்தாங்க, ஒரு வார்த்தை சொல்லல.

இது தூங்கற விதை இல்ல. பாவக்கா, மொச்சை, வெண்டைக்காயெல்லாம் காஞ்சா தூங்கும், தண்ணி பட்டா முழிக்கும். கிளைவியா விதை உள்ள ஈரத்தோட, உயிரோடவே பழத்துக்குள்ள உக்காந்திருக்கும், காஞ்சா செத்துரும், அவ்ளோதான். அடர்ந்த காட்டுக்குள்ள நெழல்ல, மக்குன எலைமேல விழற விதை. வெயிலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்.

10 ஆகஸ்ட் 2020
எப்படி பண்றதுன்னு நாலு பேர் கேட்டுட்டீங்க, எனக்கு வந்த வழிய சொல்றேன், வேற வழியும் இருக்கும்.

பூ விட்டு பழம் பழுக்க கிட்டத்தட்ட ஒம்பது மாசம், பிள்ளை பெத்துக்கற கணக்கு. பழம் செவந்ததும் அவசரப்படாம, விரலால அமுக்குனா லேசா நெகிழணும், அப்ப பறிங்க. சில பழத்துல ஒரே விதை, சில பழத்துல ஏழெட்டு கூட இருக்கும். தோலையும் சதையையும் எடுங்க, அதுக்கு உள்ள விதைமேல இன்னொரு மெல்லிசு சவ்வு ஒட்டிகிட்டிருக்கும், வழவழன்னு, அதையும் நகத்தால உரிக்கணும், அத விட்டாதான் பூஞ்சை வரும். சன்லைட் சோப்பு ஒரு சொட்டு விட்டு வெதுவெதுப்பான தண்ணில கழுவுங்க. கை அரிக்குதுன்னா கிளவுஸ் போடுங்க. சுத்தம் பண்ணுன விதை முத்து மாதிரி, பழுப்பு வெள்ளையா பட்டாணி சைஸ்ல இருக்கும்.

ரெண்டு லிட்டர் ஐஸ்க்ரீம் டப்பா, அடில ஓட்டை. பைன் பட்டை பொடி மூணு பங்கு, ஆத்து மணல் ஒரு பங்கு. விதைய புதைக்கவே கூடாது. மேல வச்சு லேசா அமுக்கி, பாதி வெளிய தெரியணும். தண்ணி தெளிச்சு மேல ஒரு பிளாஸ்டிக் மூடி, வெளிச்சம் இருக்கணும், நேர் வெயில் கூடாது. நான் ஃப்ரிட்ஜ் மேல வைப்பேன், அங்க கொஞ்சம் கதகதப்பு. லோட் ஷெட்டிங் வந்தா அதுவும் போச்சு, பரவால்ல.

நாலுலேந்து ஆறு வாரத்துல வேர் வரும். எலை இல்ல, வேர். எலைக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல. இந்த எடைவெளிலதான் முக்கால்வாசி ஜனங்க "வரல"ன்னு டப்பாவ கொட்டிடறாங்க.

சொல்ல மறந்துட்டேன், விதைல ஒரு சின்னப் புள்ளி, கண்ணு மாதிரி இருக்கும், அது மேல பாக்கற மாதிரி வைங்க.

10 ஆகஸ்ட் 2020, இன்னொண்ணு
கண்ணு மேல பாக்கணும்னு எழுதிட்டேன். தப்பு. பக்கவாட்டுல பாக்கணும், இல்ல கீழ. வேர் அந்தக் கண்ணுலேந்துதான் வருது, மேல பாத்துதுன்னா வேர் வானத்துக்கு கெளம்பி விதையவே உருட்டி விட்ரும். போன வருஷம் எனக்கு அப்படித்தான் ஆச்சு, அத மறந்துட்டு உங்களுக்கு ஞானம் சொல்லிகிட்டு இருக்கேன். அப்படி ஆயிட்டாலும் பயப்படாதீங்க, பென்சிலால சின்ன குழி போட்டு வேர் நுனிய அதுக்குள்ள நுழைச்சு விட்டா போதும், அது பாத்துக்கும்.

2 செப்டம்பர் 2020
மேல ஒருத்தர், கார்த்திகைப் பூ விதைய காயவச்சு ஒரு வருஷம் கழிச்சு போட்டேன் முளைச்சுது, அப்ப கிளைவியா மட்டும் எப்படி சாகும்னு கேக்கறார். நல்ல கேள்வி. செங்காந்தள் விதை காஞ்சாலும் உசுரோட இருக்கும், ஆனா முளைக்க ரொம்ப சண்டித்தனம் பண்ணும். அது வேற ஜாதி. காடு ரெண்டுக்கும் ஒண்ணுதான், பழக்கம் வேற.

அப்பறம், அவர் "நம்ம ஊர்லேந்து கொண்டுவந்த காந்தள்"னு எழுதியிருக்கார். அத யாரும் கொண்டுவர வேண்டியதில்ல. தமிழ்நாட்டோட மாநிலப் பூவும் அதான், இங்க நேட்டால் கரையோர புதர்ல தானா ஏறி நிக்கறதும் அதான். நமக்கு முன்னாடியே இங்க இருக்குது. எங்க ஆயா மொத மொத அத கடற்கரைப் பக்கம் பாத்தப்ப அழுதாங்களாம், அவங்க அம்மா சொன்ன பூ இதுதான்னு. ஆயா இந்தியாவ பாத்ததே இல்ல.

கெழங்கு ரெண்டுலயும் விஷம், அத மறக்காதீங்க.

14 செப்டம்பர் 2020
நான் இந்தத் தடவ போட்டதுல வேர் வந்துருச்சு. 31 விதைல 26.

15 நவம்பர் 2020
கிளைவியாவா கிளிவியாவா, எது சரின்னு ரெண்டு பேர் மூணு நாளா அடிச்சுக்கறீங்க. பேர் வந்தது கிளைவ்ங்கற குடும்பத்துலேந்து, அதனால கிளைவியாதான் நியாயம். இந்த ஊர்ல பாதி பேர் கிளிவியாங்கறான், நர்சரில நீங்க கிளைவியான்னு கேட்டா திருத்தறான். என்னவோ சொல்லுங்க, ஜூலூல உமாயிமேன்னா ஒரே பேர்தான், சண்டையே இல்ல. என்கூட வேலை பாக்கற ஜூலூக்காரர்கிட்ட கேட்டா "மாயிமே"ன்னா "நிக்கட்டும்"னு அர்த்தம்னு சொல்லிட்டு, உன் டப்பாவயும் நிக்க விடு, தெனம் தோண்டிப் பாக்காதேன்னார்.

கிளைவ்னா ஆற்காட்ட பிடிச்சானே 1751ல, அந்த ராபர்ட் கிளைவ்தான். அவன் பொண்ணு பேர்தான் இந்தப் பூவுக்கு.

16 நவம்பர் 2020
பொண்ணு இல்ல, பேத்தி. நேத்து வாய்க்கு வந்தத எழுதிட்டேன். சார்லட் ஃப்ளோரன்ஷியா கிளைவ், நார்தம்பர்லண்ட் டச்சஸ். 1828ல ஜான் லிண்ட்லிங்கற தாவரக்காரர் வச்ச பேர். அதுவும் நம்ம பெரிய ஆரஞ்சுப் பூவுக்கு இல்ல, நுனில பச்சையோட குழாய் மாதிரி தொங்கற நோபிலிஸ்க்குத்தான் மொதல்ல வச்சாங்க, அது ஈஸ்டர்ன் கேப் செடி. நம்மது மினியாட்டா, அது பின்னாடி இந்தக் குடும்பத்துல சேந்தது.

ஆனா தேடப் போய் வேற ஒண்ணு கெடைச்சுது. இந்தம்மாவோட அப்பா எட்வர்ட் கிளைவ் 1798லேந்து 1803 வரைக்கும் மெட்ராஸ் கவர்னர். சார்லட் சின்னப் பொண்ணா மெட்ராஸ்ல இருந்திருக்கா. 1800ல அம்மாவோடயும் அக்காவோடயும் பெங்களூர், சீரங்கப்பட்டணம், திருச்சி, தஞ்சாவூர்னு மாசக்கணக்குல ஊர் சுத்தி, நாட்குறிப்பு வேற எழுதியிருக்கா. பின்னாடி விக்டோரியா ராணிக்கு சின்ன வயசுல கவர்னஸா இருந்ததும் அதே சார்லட்தான்.

இன்னைக்கு நவம்பர் 16, கரும்புத் தோட்டத்துக்கு நம்மாளுங்கள ஏத்திகிட்டு மொத மொத வந்த ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்லேந்து டர்பனுக்கு வந்து 160 வருஷம். எங்க கொள்ளுத்தாத்தா வந்தது அதுக்கு ரொம்ப பின்னாடி, வேற கப்பல்ல, சீட்டுல ஜில்லா வட ஆற்காடுன்னு இருக்கு. ஆற்காட்டான் கரும்பு வெட்ட இங்க வந்தான், ஆற்காட்ட பிடிச்சவனோட பேத்தி பேர் அவனுக்கு முன்னாடியே இங்க இருக்கற காட்டுப் பூ மேல வந்து உக்காந்திருக்கு. ஆயா கடைசி வரைக்கும் இத "சுவத்தோரப் பூ"ன்னுதான் சொன்னாங்க, அந்தப் பேர்ல எனக்கு ஒரு கொறையும் தெரியல.

சரி, விதைக்கு வருவோம். 26ல 24க்கு எலை வந்துருச்சு. ரெண்டு அழுகிப் போச்சு, மூடிய தெறக்காம விட்டுட்டேன், காத்து இல்ல. வேர் வந்ததும் மூடிய எடுத்துடணும், அத எழுதாம விட்டது என் தப்பு. எலை வந்தப்பறம் விதைய பிச்சு எடுக்காதீங்க, அது ஒட்டிகிட்டே இருக்கட்டும், குட்டி அதுலேந்துதான் ரொம்ப நாளைக்கு சாப்பிடும்.

17 நவம்பர் 2020
நாத்தோட அடிய பாருங்க. செவப்பு ஊதா சாயம் ஏறியிருந்தா ஆரஞ்சுப் பூ, சுத்தப் பச்சையா இருந்தா மஞ்சப் பூ. நாலு வருஷம் காத்திருக்க வேண்டாம், இப்பவே தெரிஞ்சுரும். என் 24ல 11 பக்கத்து வீட்டு மஞ்சச் செடியோட விதை, அதனால 11ம் மஞ்சதான் வரும்.

6 டிசம்பர் 2020
பக்கத்து வீட்டு மஞ்சச் செடி விதை 11ல 6க்கு அடி ஊதா.

எழுதவே கூச்சமா இருக்கு. மூணு வாரம் முன்னாடி பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். அம்மா மஞ்சயா இருந்தா மட்டும் போதாது, அப்பா யாருங்கறது பழத்துல எழுதியிருக்காது. மதில் இந்தப் பக்கம் எங்க ஆயா செடி அத்தனையும் ஆரஞ்சு, மகரந்தம் தாண்டி வந்திருக்கு. மஞ்ச ஒடுங்கிப் போற குணம், ஆரஞ்சு சேந்தா அதான் ஜெயிக்கும். இதுல இன்னொரு கூத்து, மஞ்சைலயே ரெண்டு மூணு பிரிவு இருக்காம், ஒரு பிரிவு மஞ்சையும் இன்னொரு பிரிவு மஞ்சையும் சேந்தாகூட ஆரஞ்சு பொறக்கும்னு கிளைவியா சொசைட்டி ஆள் ஒருத்தர் சொன்னார். ஜாதகம் பாக்கற வேலைதான்.

மஞ்சை மொதல்ல கெடைச்சது இங்க ஜூலூலாந்து எஷோவே பக்கத்துக் காட்லதான், போன நூத்தாண்டுக்கு முந்துன நூத்தாண்டுல.

7 டிசம்பர் 2020
தேனீ தாண்டி வந்திருக்கும்னு கீழ ஒருத்தர் சொல்றார். நானும் அப்படித்தான் நெனைச்சிருந்தேன். வாய் தெறந்த மினியாட்டாவுக்கு முக்கியமா வர்றது பெரிய வால்பட்டாம்பூச்சி. தொங்கற குழாய்ப் பூ ஜாதிங்களுக்கு தேன்சிட்டு. பட்டாம்பூச்சிக்கு மதிலாவது ஒண்ணாவது.

23 ஜனவரி 2021
காட்டுலேந்து ரெண்டு தோண்டிட்டு வந்தா என்ன, இவ்ளோ பாடு எதுக்குன்னு கேட்டவருக்கு.

மொதல்ல, சட்டப்படி குத்தம். இந்த மாகாணத்துல இது பாதுகாக்கப்பட்ட செடி, எஜெம்வெலோ (மாகாண இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) பர்மிட் இல்லாம காட்டுச் செடிய தொடக்கூடாது. ரெண்டாவது, ஏற்கனவே மூத்தி, அதான் ஜூலூ நாட்டு மருந்துக்குன்னு சாக்கு சாக்கா தோண்டி டர்பன் வார்விக் சந்தைக்கு வருது, பிரசவ வலிக்கு, பாம்புக்கடிக்கு, காய்ச்சலுக்குன்னு கெழங்கு விக்கறாங்க. மருந்துக்காரன மட்டும் திட்டவும் மனசு வரல, அவன் தலைமுறையா செய்யறான். ரோட்டோரம் பக்கி வண்டில (சின்ன லோடு வண்டி) பூவோட வேரோட அடுக்கி வச்சு தோட்டக்காரங்களுக்கு விக்கறவனத்தான் சொல்லணும். நான் ஒரு தடவ வாங்கியிருக்கேன், வருஷம் சொல்ல மாட்டேன். வேர்ல காட்டு எலை மக்கு ஒட்டிகிட்டிருந்துது, வாசனையே வேற. வீட்டுக்கு கொண்டுவந்து வச்சா ஆறு மாசத்துல அழுகிப் போச்சு.

சாட்ஸ்வர்த்துலயே சில்வர்க்ளென்ல மூலிகைச் செடி நர்சரி இருக்கு, காட்ட தோண்டாம வளத்து எடுங்கன்னு சொல்லிக் குடுக்கத்தான் அத வச்சாங்க. நம்மாளுங்க பாதி பேர் அந்த வழியா கார்ல போயிருப்போம், உள்ள போயிருக்க மாட்டோம்.

யாரும் வீட்ல கெழங்க இடிச்சு குடிச்சுப் பாக்காதீங்க. லைக்கோரின்னு ஒரு விஷம் இருக்கு, வாந்தி எடுத்தே போயிருவீங்க. நாய் வளக்கறவங்க ஜாக்கிரதை.

30 மே 2021
குரங்கு.

பழம் நேத்துதான் முழுசா செவந்துது, ஞாயித்துக்கெழம பறிக்கலாம்னு இருந்தேன். காலைல ஆறு மணிக்கு கூட்டமா வந்துருச்சுங்க, சாம்பக்குரங்கு, வெர்வெட்டு, ஒரு பதினஞ்சு இருக்கும். சாட்ஸ்வர்த்துல இருக்கறவங்களுக்கு சொல்ல வேண்டாம், ரொட்டிய மேஜையிலேந்து எடுத்துட்டுப் போற ஜாதி. நாலு கொத்து பழமும் போச்சு. அவகாடோ மரத்துமேல உக்காந்து, கன்னத்துல அடக்கி, என்னப் பாத்துகிட்டே மென்னுச்சுங்க. மகரந்தம் தொட்டு நூல் கட்டி சீட்டு போட்டு வச்ச கொத்து அது, சீட்டையும் பிச்சுட்டுப் போச்சு ஒண்ணு.

பொண்டாட்டி சிரிக்கறா.

31 மே 2021
பழத்துக்கு பழைய நைலான் சாக்ஸ் மாட்டி கட்டுங்கன்னு சொன்ன அக்காவுக்கு நன்றி. ஒரு நாள் முன்னாடி சொல்லியிருக்கலாம்.

விஷம்னு சொன்னியே குரங்கு எப்படி சாகலன்னு கேட்டவருக்கு: அது சதைய மட்டும் தின்னுட்டு விதைய துப்பிரும். காட்ல சமாங்கோ குரங்கு இதையேதான் செய்யுது, அத ஒக்காந்து கவனிச்சு ஆராய்ச்சியே எழுதியிருக்காங்க, உமாயிமே காட்டுக்குள்ள பரவறதே அந்தத் துப்பலாலதான்னு. நான் சன்லைட் போட்டு நகத்தால உரிக்கறத அது வாயாலயே முடிச்சுருது.

20 ஏப்ரல் 2022
எல்லாரும் பத்திரமா? 11ம் தேதி ராத்திரி மழை வெள்ளத்துல எங்க வீட்டுப் பின்பக்கச் சரிவு இறங்கிருச்சு. மதில், ஷேட் நெட், தொட்டி அடுக்கி வச்ச பலகை எல்லாம் கீழ. வீடு நிக்குது, ஆள் நாங்க நல்லா இருக்கோம், தெருக்கோடில ஒரு வீடு இல்ல. தண்ணி இன்னும் வரல, லாரில பிடிக்கறோம்.

செடியப் பத்தி கேக்காதீங்க இப்ப.

8 மே 2022
சேத்துலேந்து 9 தொட்டி எடுத்தேன். ஆறேழு எலை வந்திருந்த செடிங்க. அழுகுன வேர வெட்டிட்டு, ஒரு நாள் நெழல்ல காத்தாட விட்டு, புது பைன் பட்டைல வச்சேன். வேர் விரல் தண்டி சதையா இருக்கறதால தாங்குது போல. பேர்ச்சீட்டு எல்லாம் போச்சு, எது மஞ்ச எது ஆரஞ்சுன்னு தெரியல, வளந்த செடில அடிய பாத்து கண்டுபிடிக்க எனக்கு வரல. இருக்கறது இருக்கட்டும்.

12 பிப்ரவரி 2023
கருப்பும் மஞ்சளுமா பட்டை போட்ட புழு. லில்லி புழு. ராத்திரி எலைக்குள்ள பூந்து உள்ளயே தின்னுகிட்டு கெழங்குக்கு எறங்குது, காலைல எலை கண்ணாடி பேப்பர் மாதிரி தொங்குது. டார்ச் அடிச்சு கையால பொறுக்கி சோப்புத் தண்ணில போட்டேன், 40க்கு மேல. 9ல ரெண்டு அடியோட போச்சு. கோடை முழுக்க வாரத்துக்கு ரெண்டு ராத்திரி போய் பாருங்க, எலையோட அடிப்பக்கம் முட்டை கூட்டமா இருக்கும், அப்பவே நசுக்கிட்டா வேலை மிச்சம்.

25 ஆகஸ்ட் 2024
ஏழுல ஒண்ணு மொட்டு விட்ருச்சு! நாலு வருஷம். ஆனா தண்டு நீள மாட்டேங்குது, எலைக்கு நடுவுல கழுத்து மாட்டுன மாதிரி பூ உள்ளயே விரியுது. ஆரஞ்சு.

குளிர் பத்தலன்னு சொல்றாங்க, டர்பன்ல குளிருக்கு எங்க போறது. குளிர் நல்லா அடிக்கற மாரிட்ஸ்பர்க்ல இருக்கற அண்ணன் சிரிப்பார். எனக்குத் தோணறது வேற, குளிர்காலத்துல நான் தண்ணிய கொறைக்கவே இல்ல. மே கடைசிலேந்து ஜூலை வரைக்கும் கிட்டத்தட்ட பட்டினி போடணும், மொட்டு தலை காட்டுனதும் தாராளமா ஊத்தணும். நான் பாவம் பாத்து பாத்து ஊத்திகிட்டே இருந்தேன்.

14 செப்டம்பர் 2025
அஞ்சு வருஷ இழைய தூசி தட்டறேன்.

நேத்து அவகாடோ மரத்தடில காஞ்ச எலைய வார போனேன். அந்தப் பக்கம் வெள்ளத்துக்கு அப்பறம் நான் சரியா போறதே இல்ல, மண்ணு இன்னும் சரிவா கெடக்குது. எலைக்கு நடுவுல ஆரஞ்சா என்னமோ தெரியுதேன்னு பாத்தா, ரெண்டு குத்து கிளைவியா. ஒண்ணுல ரெண்டு தண்டு, இன்னொண்ணுல ஒண்ணு. தண்டு நல்லா கை நீளம் வெளிய நீண்டு, ஒரு தண்டுல எண்ணுனா 17 பூ. நான் நடல. யாரும் நடல. சுத்தி இன்னும் ஏழெட்டு சின்னது நிக்குது.

மரத்துமேல பாத்தேன், அதே கிளை. 2021 மே.

ஐஸ்க்ரீம் டப்பா இல்ல, ஃப்ரிட்ஜ் இல்ல, கண்ணு எந்தப் பக்கம்னு பாக்கல, புழு வந்துதா இல்லையான்னுகூட தெரியல, குளிர்காலத்துல ஒரு சொட்டு யாரும் ஊத்தல. ஒருவேளை அதான் விஷயமோ என்னவோ. மரத்தோட வேர் தண்ணிய இழுத்துருது, எலை மக்கு அடில காத்தோட்டமா இருக்குது, காலை வெளிச்சம் மட்டும் படுது. நான் பைன் பட்டை மூணு மணல் ஒண்ணுன்னு கணக்கு சொன்னது இத காப்பி அடிக்கத்தான், அசல் பத்தடி தள்ளி இருந்திருக்கு.

நிறம் சாதாரண ஆரஞ்சு, தொண்டை மஞ்ச. ஆயா செடி அச்சு அசல்.

15 செப்டம்பர் 2025
எடுத்து தொட்டில வைக்கலாம்னு மண்வெட்டியோட போனேன். வேர் அவகாடோ வேரோட பின்னிகிட்டிருக்கு. திரும்பி வந்துட்டேன். பெரிய நெல்லிக்கா சைஸ் தேறுனதும் ஒரு கொத்துக்கு சாக்ஸ் மாட்டறேன், அது டோங்காட்காரருக்கு, விதை வேணும்னு கேட்டிருந்தார், ஜூன்ல வந்து வாங்கிக்குங்க, காயவைக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு. மத்த ரெண்டு கொத்து கட்டாம விட்டுருக்கேன், அந்தக் கழுதைங்க வரட்டும்.